அப்பாவின் இருமல் எந்தக் கணக்கில் இருக்கு? அரசுக் காப்பீட்டுத் தரவை ஆய்வுக்குக் கேட்பது எப்படி

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கப்பட்டது. வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் சொந்தக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுக்கப்புறம்தான் சட்டம், விண்ணப்பம், படிவம் எல்லாம்.

எனக்கு ஊர் மங்கலம். திருப்பூரிலிருந்து சாமளாபுரம், சோமனூர் போற வழியில, நொய்யல் ஓரமா இருக்கிற ஊர். ராத்திரி தறிச் சத்தம் நின்னா எங்களுக்குத் தூக்கம் கெடும். அப்படி ஒரு ஊர். எங்கப்பா முதல் பன்னிரண்டு வருஷம் கழிவுப் பஞ்சுல நூல் எடுக்கிற ஓபன் எண்ட் மில்லுல இருந்தார். அதுக்கப்புறம் ஒருத்தர் செட்டுல எட்டுத் தறி. பீடி, சிகரெட்டு தொட்டதில்லை. ஆனா இருமல் மட்டும் விட்டதில்லை.

அம்மாகிட்ட ஒண்ணு அடிக்கடி சொல்லுவார். "திங்கக்கிழமை வேலைக்குப் போனா நெஞ்சைப் புடிச்ச மாதிரி இருக்கு. புதன்கிழமை ஆனாச் சரியாப் போகுது." ஞாயித்துக்கிழமை கறி சேரலைன்னு நாங்க சொல்லுவோம். அந்த ஒரு வாக்கியத்துல ஒரு நோயின் பெயரே இருந்ததுன்னு எனக்குப் பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

ஒரு நாள் ராத்திரி மூச்சு விட முடியாம கோயம்புத்தூருக்குத் தூக்கிட்டு ஓடினோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. ஆள் பிழைச்சார், கையிலிருந்து பெரிய பணம் போகலை. இன்னிக்கும் வீட்ல இருக்கார், இன்ஹேலரோட. தறிக்குப் போறதில்லை. அந்த அட்டைக்கு நன்றிக்கடன் பட்ட குடும்பம்தான் நாங்க, அதை முதல்லயே சொல்லிடுறேன்.

டிஸ்சார்ஜ் தாளை வீட்ல வந்து நிதானமாப் படிச்சேன். வயது, பாலினம், நோய், கொடுத்த மருந்து எல்லாம் இருந்தது. தொழில்னு ஒரு கட்டம். அதுல ஒரே வார்த்தை: "கூலி".

அப்போ எனக்கு ஒரு யோசனை. அப்பா மாதிரி எத்தனை பேர் இருப்பாங்க? இந்தச் சிகிச்சைக்கெல்லாம் அரசாங்கம் பணம் கட்டுது. ஒவ்வொண்ணும் கம்ப்யூட்டர்ல ஏறுது. அதை வாங்கி எண்ணினாப் போச்சு. இப்படி நினைச்சுத்தான் நான் இறங்கினேன். அதுல எது சரி, எது தப்புங்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

நம்ம பக்கம் மூணு கணக்கு

"அரசுக் காப்பீட்டுத் தரவு"ன்னு ஒரே பெட்டியா நினைச்சுக்கிறோம். திருப்பூர்ப் பக்கம் குறைஞ்சது மூணு தனித்தனிப் பெட்டி இருக்கு.

முதலாவது, மாநில அரசின் திட்டம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் வழியாக நடக்கிறது. அரசுத் தரப்பில் இதை நடத்துவது தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் என்ற அமைப்பு. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கானது.

இரண்டாவது, மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத், அதாவது பிஎம்-ஜேஏஒய். 2018 செப்டம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் இது தனியாக நடக்கவில்லை. முதலமைச்சர் திட்டத்தோடு இணைத்து நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்ற வரம்பு இந்த இணைப்புக்குப் பிறகு வந்தது. டெல்லியில் இதைப் பார்த்துக்கொள்வது தேசிய சுகாதார ஆணையம்.

மூன்றாவது, பனியன் கம்பெனிக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச இஎஸ்ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம் பிடித்து நடத்துவது. இது தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வரும் தனிக் கழகம். இதன் கணக்கு முதல் இரண்டிலிருந்தும் தனி.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாச் சொல்றேன்னா, யார்கிட்ட கேக்கணுங்கிறதே இதுலதான் இருக்கு. பனியன் கம்பெனியில தையல் போடுற அக்காவோட சிகிச்சையை முதலமைச்சர் திட்டத்துல தேடினா கிடைக்காமப் போகலாம். எட்டுத் தறி ஓட்டுற எங்கப்பாவை இஎஸ்ஐயில தேடினா கிடைக்கவே மாட்டார்.

ஒரு கோரிக்கையில் என்ன இருக்கும்?

காப்பீட்டுத் தரவின் அடிப்படை அலகு, க்ளெய்ம். அதாவது, மருத்துவமனை பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை. நோயாளி சேர்ந்ததும் மருத்துவமனை முன் அனுமதி கேட்கும். எந்தச் சிகிச்சைத் தொகுப்பு, எவ்வளவு தொகை என்று குறிப்பிடும். அனுமதி வந்து, சிகிச்சை முடிந்து, நோயாளி வீடு திரும்பியதும் ஆவணங்களைச் சேர்த்துக் கோரிக்கை போகும். ஒப்புதல் ஆனதும் பணம் வரும். இந்த ஓட்டத்துக்கு என்னென்ன தேவையோ, அதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கும்.

இங்கதான் நான் கத்துக்கிட்ட முக்கியமான பாடம். எந்தக் கட்டத்தைப் பொறுத்துப் பணம் மாறுதோ, அந்தக் கட்டத்தைக் கவனமா நிரப்புவாங்க. பணத்தை மாத்தாத கட்டம் எப்படி வேணாலும் இருக்கும்.

இதுக்கு ஊரறிஞ்ச உதாரணம் ஒண்ணு. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை, பிஎம்-ஜேஏஒய் திட்டத்தைத் தணிக்கை செய்தது. பயனாளிகளில் 7,49,820 பேரின் கைபேசி எண் ஒரே எண்ணாக இருந்தது: 9999999999. சேதி வந்ததும் ஊழல்னு எல்லாரும் கொதிச்சாங்க. தேசிய சுகாதார ஆணையம் கொடுத்த விளக்கம் என்ன? பயனாளியைச் சரிபார்ப்பதில் கைபேசி எண்ணுக்குப் பங்கு இல்லை என்பதுதான். விளக்கம் நமக்குத் திருப்தியா இல்லையாங்கிறது வேற. ஆய்வு செய்றவருக்கு அது நல்ல பாடம். அந்தக் கட்டம் காலியா இருந்தாலும் பணம் நிக்காது. அதனால யாரோ பத்து ஒன்பதை வரிசையா அடிச்சுட்டுப் போயிட்டாங்க.

அதே அறிக்கையில் இன்னொரு தகவல்: ஏற்கெனவே இறந்ததாகப் பதிவான 3,446 நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்ததாகச் சுமார் 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருந்தது. ஆக, பணம் சம்பந்தப்பட்ட கட்டத்தையும் கண்ணை மூடிக்கிட்டு நம்ப முடியாது.

இப்போ எங்கப்பாவோட "கூலி"க்கு வாங்க. அவர் தறி ஓட்டினாரா, வாழைத்தார் சுமந்தாரான்னு பார்த்துத் தொகுப்புத் தொகை கூடப்போறதும் இல்லை, குறையப்போறதும் இல்லை. எழுதினவர் மேல எனக்குக் கோவம் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சுத்திணறலோட வந்த ஆள்கிட்ட, முப்பது வருஷத் தொழில் வரலாற்றை யார் கேப்பாங்க?

ஆனா விளைவு என்ன? நாடு முழுக்கக் கோடிக்கணக்குல கோரிக்கைகள் இருக்கு. அதுல எந்த ஊர்ல எத்தனை பேருக்கு நுரையீரல் சிகிச்சைன்னு எண்ணலாம். பஞ்சுத் தூசியால எத்தனை பேருக்குன்னு அதை வெச்சு எண்ண முடியாது.

யாரெல்லாம் இந்தக் கணக்கில் இல்லை?

எண்ணுறதுக்கு முன்னாடி, கணக்குக்கு வெளியே நிக்கிறவங்களைப் பார்த்துக்கணும்.

ஒன்று: முதலமைச்சர் திட்டமும் பிஎம்-ஜேஏஒய்யும் முதன்மையாக உள்நோயாளி சிகிச்சைக்கானவை. மங்கலத்துல இருமலுக்கு டாக்டர்கிட்ட போய் ஊசி போட்டுக்கிட்டு, மருந்துக்கடையில சிரப்பு வாங்கிட்டு வர்றவங்க இதுல வர மாட்டாங்க. எங்கப்பா இருபது வருஷம் இருமினது கணக்குல இல்லை. கடைசி ஒரு ராத்திரிதான் கணக்கு.

இரண்டு: இஎஸ்ஐ பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு. நம்ம பக்கம் பெரும்பாலான விசைத்தறி செட்டுகள் கூலிக்கு நெய்கிற சின்னச் செட்டுகள். நாலு பேரு, ஆறு பேரு. சட்டத்துல பார்த்தா, பஞ்சுத் தூசியால வர்ற பைசினோசிஸ் இஎஸ்ஐயின் 1948 சட்டத்திலேயே மூன்றாவது அட்டவணையில் தொழில்சார் நோயாக இருந்தது. ஆனா அந்த அட்டவணை எட்டாத இடத்துலதான் தறி ஓடுது.

மூன்று: வெளிமாநிலத் தொழிலாளர்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இல்லாமல் இன்றைக்குத் திருப்பூர் இல்லை. பிஎம்-ஜேஏஒய் அட்டை இருந்தால் வேறு மாநிலத்திலும் சிகிச்சை பெறலாம். ஆனால் ஒடிசா அந்தத் திட்டத்தில் சேர்ந்ததே 2025 ஜனவரியில்தான். அதற்கு முன் வந்த ஒடிசாத் தொழிலாளிக்கு அந்த வழியே கிடையாது. உடம்பு முடியலைன்னா ரயில் ஏறி ஊருக்குப் போயிடறவங்களும் உண்டு. இங்கே பிடிச்ச நோய் அங்கே பதிவாகும். திருப்பூர் எண்ணிக்கை குறைஞ்சு தெரியும்.

நான்கு: இடம். மங்கலத்துக்காரங்க பெரிய வைத்தியம்னா கோயம்புத்தூர்தான் போவோம். மருத்துவமனை இருக்கிற மாவட்டத்தை வெச்சு எண்ணினா, எங்க ஊர் நோய் கோயம்புத்தூர்க் கணக்குல ஏறும். பயனாளியின் முகவரி மாவட்டத்தை வெச்சுக் கேக்கணும். நான் முதல் தடவை இதைக் கேக்காம விட்டேன்.

கதவு ஒன்று: ஏற்கெனவே வெளியே இருப்பது

எதையும் விண்ணப்பிச்சு வாங்குறதுக்கு முன்னாடி, சும்மா கிடைக்கிறதை முதல்ல பாருங்க. சட்டமன்றத்தில் ஒவ்வொரு ஆண்டும் வைக்கப்படும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில், காப்பீட்டுத் திட்டத்தின் பயனாளிகள், தொகை விவரம் வரும். தேசிய சுகாதார ஆணையம் மாநில வாரி எண்ணிக்கைகளைப் பொதுத் தளத்தில் காட்டுகிறது. அந்த ஆணையமே தன் கோரிக்கைத் தரவை ஆராய்ந்து ஆய்வுத்தாள்கள் வெளியிட்டிருக்கிறது. 2019ல் கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சை எந்தெந்த மாநிலங்களில் குவிகிறது என்று பார்த்தது அதில் ஒன்று. கோரிக்கைத் தரவுக்கு எந்த மாதிரிக் கேள்வி பொருந்தும்னு தெரிஞ்சுக்க அது நல்ல மாதிரி. "எங்கே வழக்கத்துக்கு மீறி அதிகம் நடக்குது?"ங்கிற கேள்விக்கு இந்தத் தரவு கெட்டி.

அதே மாதிரி, "யாருக்குக் காப்பீடே இல்லை? கைக்காசு எவ்வளவு போச்சு?" என்பது உங்கள் கேள்வி என்றால், கோரிக்கைத் தரவு வேண்டாம். அதில் இருப்பவர்கள் எல்லாரும் காப்பீடு உள்ளவர்கள்தானே! அதற்கு வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்பு இருக்கிறது: 2017-18ல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்று, 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு. இரண்டிலும் பெயர் நீக்கிய வீட்டு அளவிலான தரவையே பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். காசு கிடையாது. கல்லூரி மாணவர்களுக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான்.

கதவு இரண்டு: ஆர்டிஐ

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில். பதில் வரலை, இல்லை திருப்தி இல்லைன்னா 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுக்கப்புறம் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிட்டாலும் 6(3) பிரிவுப்படி அவங்களே உரிய இடத்துக்கு மாத்தி அனுப்பணும்.

நான் அனுப்பின முதல் விண்ணப்பம் இது: "பஞ்சாலை, விசைத்தறித் தொழிலாளர்களில் எத்தனை பேருக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் நுரையீரல் சிகிச்சை அளிக்கப்பட்டது?" பதில் வந்தது: கேட்டபடி தொகுத்த தகவல் இல்லை.

அன்னிக்கு எரிச்சலா இருந்தது. யோசிச்சா, தப்பு என்னோடது. ஆர்டிஐ அலுவலகத்தில் இருக்கிற தகவலைக் கொடுக்கச் சொல்லும். இல்லாத தகவலை உருவாக்கித் தரச் சொல்லாது. 2011ல் ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கு. தொழில்வாரியா அவங்க வெச்சுக்கவே இல்லை. நான் என் கேள்வியை அவங்ககிட்ட கேட்டுட்டேன். அவங்க பதிவேட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்து, அந்த மொழியில கேட்டிருக்கணும்.

ரெண்டாவது விண்ணப்பத்தை ரெண்டாப் பிரிச்சேன். முதல்ல தரவின் அமைப்பைக் கேட்டேன்: "கோரிக்கைப் பதிவில் இடம்பெறும் கட்டங்களின் பெயர்ப் பட்டியலைத் தரவும்." இதுல யாரோட அந்தரங்கமும் இல்லை, மறுக்கக் காரணமும் குறைவு. அடுத்தது: "2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை, திருப்பூர் மாவட்டத்தை முகவரியாகக் கொண்ட பயனாளிகளுக்கு, நுரையீரல் மருத்துவப் பிரிவின் சிகிச்சைத் தொகுப்புகளின் கீழ் ஒப்புதல் அளிக்கப்பட்ட கோரிக்கைகளின் எண்ணிக்கையை, நிதியாண்டு வாரியாகவும் பாலினம் வாரியாகவும், தங்களிடம் உள்ள வடிவிலேயே மின்னணுக் கோப்பாகத் தரவும்." கணினியில் இருக்கிற தகவலை மின்னணு வடிவில் கேட்கச் சட்டத்திலேயே இடம் இருக்கு.

இப்படிக் கேட்கும்போது மூணு விஷயம் கவனிங்க. கோரிக்கை எண்ணிக்கை வேற, ஆள் எண்ணிக்கை வேற. ஒருத்தர் மூணு தடவை சேர்ந்தா மூணு கோரிக்கை. காலத்தைத் தேதியோட குறிப்பிடுங்க. அப்புறம், தொகுப்புகளின் பட்டியல் அப்பப்போ மாறும். ஒரு வருஷம் எண்ணிக்கை திடீர்னு ஏறினா, நோய் ஏறிச்சா, பட்டியல்ல புதுத் தொகுப்பு சேர்ந்துச்சான்னு பார்க்காம எதுவும் எழுதாதீங்க. 2020, 2021 கொரோனா வருஷங்களைத் தனியா வையுங்க.

ஆர்டிஐயில் தனிநபர் பதிவு கிடைக்காது, கேட்கவும் கூடாது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆர்டிஐயின் 8(1)(ஜே) பிரிவையே மாற்றிவிட்டது. தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்க இடம் கொடுக்கிறது. இதைப் பற்றி ஆர்டிஐ ஆர்வலர்களின் எதிர்ப்பு நியாயமானது. பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது. நம்ம கேள்வி மொத்த எண்ணிக்கையோட நின்னா இந்தச் சண்டைக்கே போக வேண்டியதில்லை.

கதவு மூன்று: பெயர் நீக்கிய பதிவுகள்

வயது, நோய், தங்கின நாள், விளைவு எல்லாத்தையும் சேர்த்து ஆராயணும்னா மொத்த எண்ணிக்கை போதாது. ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வரியாக, பெயரும் அட்டை எண்ணும் நீக்கி வேண்டும். இங்கே தனி ஆளாகப் போய் நின்றால் நடக்காது. ஒரு நிறுவனம் பின்னால் இருக்கணும்.

வரிசை இப்படி. முதலில், ஆய்வுத் திட்டம்: கேள்வி என்ன, எந்தெந்தக் கட்டங்கள், எந்தக் காலம், ஏன். இரண்டாவது, நெறிமுறைக் குழு அனுமதி. ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி, பழைய பதிவுகளை அடையாளம் நீக்கிப் பயன்படுத்தும் ஆய்வுக்கு, ஒவ்வொரு நோயாளியிடமும் சம்மதம் வாங்குவதிலிருந்து விலக்கு அளிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அந்த விலக்கை நீங்களே எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றாவது, திட்டத்தை நடத்தும் அரசு அமைப்புக்கு முறையான கடிதம். நான்காவது, தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தம்: எங்கே வைப்போம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம், வேறு தரவோடு இணைத்து ஆளைக் கண்டுபிடிக்க மாட்டோம். வெளிநாட்டு நிதியோ கூட்டாளியோ இருந்தால், மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவையும் தாண்ட வேண்டும்.

2023 சட்டத்தின் 17ஆவது பிரிவு ஆய்வு, புள்ளிவிவரப் பயன்பாட்டுக்கு விலக்கு தருகிறது. ஒரு நிபந்தனை: அந்தத் தரவை வைத்துத் தனிப்பட்ட எந்த நபரைப் பற்றியும் முடிவெடுக்கக் கூடாது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

நிறுவனத்துக்கு எங்கே போறதுன்னா, நம்ம ஊர்லயே 2022லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. எந்த மருத்துவக் கல்லூரியிலும் சமூக மருத்துவத் துறைன்னு ஒண்ணு உண்டு. இந்த மாதிரி ஆய்வு அவங்க வேலையோட சேர்ந்தது. தொழிற்சங்கமோ, கல்லூரி மாணவரோ, எழுதின ஒரு கேள்வியோட போய்ப் பேசலாம்.

ஏன் இத்தனை பூட்டு?

ஒரு நேயர் கேட்டிருந்தார்: "மக்கள் வரிப்பணம், மக்கள் நோய். பெயரை எடுத்துட்டு எல்லாத்தையும் இணையத்துல போட்டா என்ன?"

நானும் அப்படி நினைச்சவன்தான். ஒரு நிமிஷம் மங்கலத்தை நினைச்சுப் பாருங்க. "மங்கலம், ஆண், 50 வயசுக்கு மேல, மூச்சுத்திணறல், இன்ன மாசம் வெண்டிலேட்டர்." பெயர் இல்லை. டீக்கடையில பத்து நிமிஷம் உக்காந்தா யாருன்னு சொல்லிடுவாங்க. எங்கப்பா விஷயத்துல நஷ்டம் இல்லை. ஆனா இன்னும் தறி ஓட்டுறவருக்கு? அடுத்த வாரம் அந்த செட்டுல வேற ஆள் நிப்பார். மனநலச் சிகிச்சையோ, கருப்பை அறுவை சிகிச்சையோ எடுத்த பெண்ணோட நிலைமையை நான் சொல்ல வேண்டியதில்லை. அதனாலதான் ஊர் அளவுல கேக்காம மாவட்ட அளவுல கேளுங்க, வயசைப் பத்துப் பத்தாப் பிரிங்க, "ஐந்துக்கும் குறைவு"ன்னு பதில் வந்தா அதை ஏத்துக்குங்கன்னு சொல்றது.

மத்த நாடுகளும் இதுல அடிபட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. இங்கிலாந்தில் 2014ல் கேர்.டேட்டா என்ற பெயரில் குடும்ப மருத்துவர்களிடம் உள்ள பதிவுகளை மொத்தமாகச் சேர்க்கப் பார்த்தார்கள். மக்களிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை. எதிர்ப்பு கிளம்பி, 2016ல் மொத்தமாக மூடினார்கள். தைவானில் 1995லிருந்து ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே காப்பீடு. அந்தத் தரவிலிருந்து வந்த ஆய்வுகளுக்குக் கணக்கில்லை. அங்கேயும் மனித உரிமை அமைப்புகள் வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது: "என் தரவை ஆய்வுக்குக் கொடுக்காதே" என்று சொல்ல மக்களுக்கு ஒரு வழி இருக்க வேண்டும், சட்டத்தில் அது இல்லாதது தவறு. ஆய்வை நிறுத்தச் சொல்லலை. விலக உரிமை கொடுன்னு சொன்னாங்க. நம்ம ஊருக்கும் அது பொருந்தும்னு நினைக்கிறேன்.

கதவு நான்கு: நம்ம சொந்தத் தாள்

எல்லாரும் மறந்துபோற கதவு இது. உங்க சிகிச்சைப் பதிவு உங்களுக்குக் கிடைக்கணும். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை ஒழுங்குவிதிப்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால், மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். அப்பாவின் முழுக் கேஸ் ஷீட்டைக் கேட்டு நான் ஒரு மருத்துவமனைக்கு நாலு தடவை நடந்தேன். அஞ்சாவது தடவை இந்த விதியை மேற்கோள் காட்டி ஒரு பக்கத்துல எழுதிக் கொடுத்தேன். ரெண்டே நாள்ல நகல் வந்தது.

அந்தத் தாளை ஒரு நுரையீரல் மருத்துவர்கிட்ட காட்டினேன். அவர் அப்பாவைக் கேட்ட முதல் கேள்வி: "வாரத்துல எந்த நாள்ல நெஞ்சு இறுக்கம் அதிகம் இருக்கும்?"

அப்பா என்னைப் பார்த்தார். "திங்கக்கிழமைங்க சார்"ன்னார்.

பைசினோசிஸின் அடையாளமே அதுதான். லீவு முடிஞ்சு தூசிக்குள்ள திரும்பப் போற முதல் நாள் நெஞ்சு இறுக்கும். 1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் ரிச்சர்டு ஷில்லிங் என்ற மருத்துவர் தொழிலாளர்களிடம் இந்தத் திங்கட்கிழமைக் கேள்வியைக் கேட்டுத்தான் நோயைத் தரம் பிரித்தார். காப்பீட்டுக் கோரிக்கையில் அந்தக் கேள்வி இல்லை. அவர் ஆலைக்குள்ள போய்க் கேட்டார்.

அப்போ என்ன செய்யலாம்?

எனக்குக் கடைசியில் கிடைச்ச தெளிவைச் சொல்றேன். அரசுக் காப்பீட்டுத் தரவு, பணம் எங்கே போச்சுங்கிற கணக்கு. எந்தச் சிகிச்சை எங்கே அதிகம், எந்த மாவட்டத்துக்காரங்க எவ்வளவு தூரம் போறாங்க, பெண்களுக்கு எவ்வளவு போய்ச் சேருது, இதுக்கெல்லாம் அதைக் கேளுங்க, போராடி வாங்குங்க. நோய் எதனால வந்ததுங்கிற கேள்விக்கு, தறி செட்டுலயிருந்து ஆரம்பிக்கணும்.

நாங்க இப்போ அதைத்தான் முயற்சி பண்றோம். ஒரு சமூக மருத்துவத் துறை ஆசிரியரோட உதவியில, ஒரு கேள்வித்தாள்: எத்தனை வருஷம், எந்த வேலை, புகைப்பழக்கம், திங்கட்கிழமைக் கேள்வி. கூடவே ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமீட்டர் சோதனை. கடைசியில ஒரு சம்மதப் பத்தி: "என் காப்பீட்டுப் பதிவை இந்த ஆய்வுக்காக மட்டும் எடுத்துப் பார்க்கலாம்." விருப்பம் இருந்தா கையெழுத்து, இல்லைன்னா விட்டுடலாம். சம்மதத்தோட போனா, அந்தப் பெரிய தரவுல இந்த ஆளோட வரியைத் தேடிச் சேர்க்க முடியும். அப்போதான் அது தொழிலையும் பேசும். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போயிருக்கு.

கேட்டுட்டிருக்கிற உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வீட்ல யாராவது ஆஸ்பத்திரியில சேர்ந்தா, தொழில் என்னன்னு கேக்கிற இடத்துல "கூலி"ன்னு சொல்லி நிறுத்திடாதீங்க. "விசைத்தறி, இருபது வருஷம்", "சாயப்பட்டறை, பதினைஞ்சு வருஷம்", "கழிவுப் பஞ்சு மில், பன்னிரண்டு வருஷம்"னு சொல்லுங்க. எழுதச் சொல்லுங்க. எழுதினாங்களான்னு பாருங்க. நாளைக்கு யாராவது எண்ண வந்தா, எண்ணுறதுக்கு அது இருக்கும்.

போன வாரம் செக்கப்புக்குப் போனப்போ நர்ஸ் கேட்டாங்க, "தொழில்?" நான் வாய் திறக்கிறதுக்குள்ள அப்பாவே சொல்லிட்டார்: "தறிங்க. அதுக்கு முன்னாடி பஞ்சு மில்லு. ரெண்டையும் எழுதிக்கங்க."

அடுத்த வாரம் பார்க்கலாம். வணக்கம்.